மீன்: இல்லை

போன தை மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க அட்டாலியை ஒழித்தபோது அப்பாவின் டைரிகள் கிடைத்தன. ஒன்பது டைரிகள், 1980 முதல் 1988 வரை. அரக்கு நிற அட்டை, எலி கடித்த ஓரம், மேலட்டையில் வருடம் மட்டும் பொன்னெழுத்தில் கொஞ்சம் மிச்சம். அப்பா மனசைக் கொட்டி டைரி எழுதுகிற ஆள் இல்லை. மின்வாரியத்தின் குந்தா நீர்மின் திட்டத்தில் வேலை. அணைகளின் நீர்மட்டம், மழையளவு, மதகு திறந்த நேரம் இவற்றைப் பதிவேட்டில் ஏற்றுவதுதான் அவர் சம்பளத்துக்குச் செய்த காரியம். வீட்டு டைரியையும் அதே மாதிரிதான் எழுதியிருக்கிறார். ஒரு நாளுக்கு நாலு வரி. நீ.ம. என்றால் நீர்மட்டம். அப்புறம் மழை, வரவு, செலவு.

நான் தேடியது ஞாயிற்றுக்கிழமைகளை. அப்பர் பவானிக்கு மீன் பிடிக்கப் போன ஞாயிற்றுக்கிழமைகள். எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது அந்தப் பேச்சு வந்தே தீரும். மேட்டுப்பாளையம் மாமா இரண்டு கிலோ டிரவுட் மீனை இழுத்துப் போட்டது, தம்பி ஒரே காலையில் ஆறு மீன் பிடித்தது, சாக்குப் பை கொள்ளாமல் மீன் கொண்டுவந்து குவார்ட்டர்ஸில் பத்து வீட்டுக்குப் பங்கு வைத்தது. நானும் இதையெல்லாம் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

டைரி வேறு கணக்குச் சொல்கிறது. எட்டு வருடத்தில் பதினான்கு முறை போயிருக்கிறோம். கிடைத்த டிரவுட் மொத்தம் பதினொன்று. கெண்டை இருபத்து மூன்று. பதினான்கில் ஐந்து நாட்களுக்கு எதிரே ஒரே வாக்கியம்தான்: மீன்: இல்லை. மாமாவின் இரண்டு கிலோ மீன், மஞ்சூரில் மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, 610 கிராம்.

தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “அப்பா பாதியை எழுதாம விட்டிருப்பாரு” என்றான். ஒரு மில்லிமீட்டர் மழையை விடாமல் எழுதின மனுஷர், மீனை விட்டிருப்பாராம்.

அப்பர் பவானி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: ஊட்டியிலிருந்து தென்மேற்கே மஞ்சூர், அங்கிருந்து தாய்சோலை, கோரகுந்தா என்று தேயிலைத் தோட்டங்களின் ஊடே ஏறிப் போகும் வழி. தோட்டங்கள் முடிந்ததும் உலகமே முடிந்துவிட்டது போல இருக்கும். 7,000 அடிக்கு மேலே, புல்வெளிக் குன்றுகளுக்கு நடுவில், மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் தண்ணீர். மடிப்புகளில் சோலைக்காடு. கடையில்லை, கோயில்கூட ஒரு கல்தான். பவானி ஆறு அந்தப் பக்கத்துக் குன்றுகளில்தான் தொடங்குகிறது. கேரளத்துக்குள் இறங்கி, அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு மறுபடி தமிழ்நாட்டுக்குள் வருகிறது.

ஏரி என்கிறேனே தவிர அது ஏரி இல்லை, அணை. அறுபதுகளில் கட்டியது. குந்தா திட்டத்துக்குக் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாடு உதவியது. அங்கே தேங்கும் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக அவலாஞ்சிப் பக்கம் போய் விசையாழியைச் சுற்றுகிறது. பிறகு குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு மின்நிலையம். ஒரே தண்ணீரிலிருந்து திரும்பத் திரும்ப மின்சாரம். கரும்பை நாலு முறை ஆலையில் விட்டுப் பிழிவது மாதிரி என்று அப்பா சொல்வார். சின்ன வயதில் எனக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. ஆதிகாலத்திலிருந்து அங்கே ஒரு ஏரி இருக்கிறது, அதில் ஆதிகாலத்து மீன் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மீனும் வந்தேறிதான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

போவது பெரும்பாலும் ஏப்ரல், மே. பள்ளி விடுமுறை. மேட்டுப்பாளையத்திலிருந்து மாமாவும் அத்தையும் அவர்கள் மகனும் முதல்நாள் சாயங்காலமே வந்துவிடுவார்கள். வரும்போதே மாமா கோயமுத்தூரில் வாங்கிய ரீல், கண்ணைப் பறிக்கும் சிவப்பில் தக்கை, இருபது வகை முள் என்று கடை பரப்புவார். அப்பாவிடம் இருந்தது ஒரு மூங்கில் கழி, நைலான் நரம்பு, ஈயக்குண்டு. அப்புறம் அந்த ஸ்பூன்.

ஸ்பூன் கதையைச் சொல்லியாக வேண்டும். டிரவுட் மின்னுகிற பொருளைக் கண்டால் சின்ன மீன் என்று நினைத்துக் கவ்வும். அதற்கென்றே தகட்டில் செய்த தூண்டில் கடையில் விற்கும், விலை அதிகம். அப்பா எங்கள் வீட்டு எவர்சில்வர் டீ ஸ்பூன் ஒன்றை எடுத்து, காம்பை ரம்பத்தால் அறுத்து எறிந்துவிட்டு, குழிப் பகுதிக்கு இரண்டு முனையிலும் துளை போட்டு, ஒரு முனையில் மூன்று கொக்கி முள், இன்னொரு முனையில் நரம்பு கட்டிவிட்டார். தண்ணீரில் இழுத்தால் அது புரண்டு புரண்டு வரும். கையில் வைத்துப் பார்க்க அவ்வளவு அழகு. அறுத்த இடத்தை அரத்தால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்து வைத்திருந்தார். அது அம்மாவின் சீர்வரிசையில் வந்த ஆறு ஸ்பூனில் ஒன்று. விருந்தாளிக்குப் பாயசம் ஊற்றும்போதுதான் அம்மா எண்ணிப் பார்த்தாள்.

“ஏனுங்க, அஞ்சுதான் இருக்குது.”

“குரங்கு தூக்கிட்டுப் போயிருக்கும்.”

அடுத்த வருடம் நாலாயிற்று. 1982 டைரியில் செலவுப் பக்கத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறது: ஸ்பூன் 1 (பாறையில் சிக்கி அறுந்தது). அம்மாவிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை போலிருக்கிறது.

தூண்டில் போட அப்பா லைசென்ஸ் எடுக்காமல் போனதே கிடையாது. ஊட்டிக்குப் போய்ப் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, அதை மடித்துச் சட்டைப் பைக்குள் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொள்வார். “அங்க யாருங்க மச்சான் வந்து கேக்கப் போறான், புலியா?” என்று மாமா சிரிப்பார். அப்பா சொன்ன பதில் எங்கள் வீட்டில் பழமொழி ஆகிவிட்டது: “தண்ணி வாரியத்துது, மீனு மீன்துறையுது, காடு காட்டிலாக்காவுது. பசி ஒண்ணுதான் மாப்ளே நம்முளுது.”

நீலகிரியில் இந்தச் சீட்டு வழக்கம் பழசு. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கட்டுப்பாடு வைத்து 1879-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். மான் தீர்ந்துபோனால் வேட்டையாட முடியாதே என்ற கவலைதான் காரணம், மானின் மேல் இரக்கம் இல்லை. எப்படியோ மான் பிழைத்தது.

விடியற்காலை நாலரைக்கு ஜீப். எட்டுப் பேர், ஒரு பெரிய தூக்குப்போசி நிறையத் தேநீர், இன்னொன்றில் புளிசாதம், மண்ணெண்ணெய் நனைத்த துணி, தோசைக்கல். எட்டாவது ஆள் யார் என்றால், சிலோன் தாத்தா.

அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அறுபது வயதை நெருங்கும்போது சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இந்தியக்காரர் என்று தீர்மானிக்கப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர். இப்படி வந்தவர்களுக்காகவே அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம்தான் டான்டீ. மகனும் மருமகளும் அங்கே வேலை. தாத்தாவுக்கு வேலை இல்லை, அதனால் எங்கள் குவார்ட்டர்ஸ் வேலியோரம் வந்து அப்பாவோடு பேசிக்கொண்டிருப்பார். பேச்சுவாக்கில் ஒருநாள் அப்பாவின் தூண்டிலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஐயா, இத வச்சு ட்ரோட்டு புடிக்கப் போறீங்களா?”

சின்ன வயதில் அவர் தோட்டத்துத் தொரைக்கு வலை தூக்கிப் போனவராம். நுவரெலியா ஓடைகளிலும் ஹார்ட்டன் சமவெளியிலும் வெள்ளைக்காரர்கள் டிரவுட் விட்டு வளர்த்திருந்தார்கள். தொரை தூண்டில் வீசுவார், இவர் பின்னால் வலையோடு நிற்க வேண்டும். நிழல் தண்ணீரில் விழுந்தால் அடி.

அந்த அடியில் கற்றது எங்களுக்கு வந்து சேர்ந்தது. ஏரிக்குப் போனதும் மாமா அணைக்கரைக்குப் பக்கமாக, தண்ணீர் ஆழமாகப் பளிங்கு போல இருக்கும் இடத்துக்குப் போவார். தாத்தா எங்களை எதிர்ப்பக்கம், ஓடை வந்து ஏரியில் சேரும் வாய்க்குக் கூட்டிப் போவார். கடைசி இருபதடி குனிந்துதான் போக வேண்டும். பேசக்கூடாது, பேசினாலும் பரவாயில்லை, காலை ஓங்கி வைக்கக் கூடாது. கரையில் மிதிக்கிற அதிர்வு மீனுக்குத் தெரியும்.

“அது எந்நேரமும் தண்ணி வர்ற பக்கமாத்தான் மூஞ்ச வச்சிக்கிட்டு நிக்கும், பாப்பா. வாயத் தொறந்தா தீனி தானா உள்ள வரணும், அவ்வளவு சோம்பேறி. நாம பின்னால இருந்து போகணும். நம்ம தீனி மட்டும் முன்னால இருந்து வரணும்.”

புல்லில் பனி இருக்கும்போது வெட்டுக்கிளிக்குப் பறக்க வராது, கையால் பொறுக்கலாம். ஒன்றை முள்ளில் குத்தி, ஈயக்குண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓடைக்கு மேலே கொஞ்சத் தூரத்தில் தண்ணீரில் மெல்ல விடுவார். அது மிதந்து, சுழித்து, கல்லில் இடித்து, ஓடை ஏரியோடு கலக்கும் இடத்துக்கு வரும். அங்கேதான் தண்ணீர் குளிர்ச்சி, காற்றும் அதில் அதிகம் கலந்திருக்கும். தண்ணீருக்கடியில் ஒரு நிழல் திரும்பும். வெட்டுக்கிளி இருந்த இடத்தில் ஒரு வளையம் மட்டும் இருக்கும். நரம்பு விரலை அறுக்கிற மாதிரி இழுக்கும்.

முதல் டிரவுட்டை நான் கையில் பிடித்தது அப்படித்தான், 1981 மே மாதம். கெண்டை மாதிரி செதில் கையில் உரசவில்லை. சோப்பு போட்ட கைபோல வழுக்கியது. பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஒரு ரோஸ் நிறப் பட்டை, மேலெல்லாம் கரும்புள்ளி மிளகுத்தூள் தூவினாற்போல. கொஞ்ச நேரத்தில் அந்த ரோஸ் மங்கிக்கொண்டே வந்து சாம்பல் ஆகிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது என்று மாமா இன்றும் சொல்கிறார். டைரியில் அது இல்லை. டிரவுட் 1, 280 கிராம், பாப்பா, என்று இருக்கிறது. என் பேரில் எழுதியிருக்கிறார். பிடித்தது தாத்தாதான்.

வெயில் ஏறினால் கதை முடிந்தது. டிரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். இருபது டிகிரிக்கு மேல் தண்ணீர் சூடானால் அதற்கு ஒத்துக்கொள்ளாது, ஆழத்துக்கு இறங்கிவிடும். மாமா ஜீப்பிலிருந்து இறங்கி, பீடி பற்றவைத்து, ரீலுக்கு எண்ணெய் போட்டு, தேநீர் குடித்து, கடைசியில் தூண்டிலை வீசும்போது மணி பத்தாகியிருக்கும். பதினான்கு பயணத்தில் ஐந்து ‘மீன்: இல்லை’ எப்படி வந்தது என்று இப்போது எனக்குப் புரிகிறது. தாத்தா வராத நாட்கள் அவை.

கெண்டை வேறு ஜாதி. அதற்கு வெயில் பிடிக்கும், சேறு பிடிக்கும், களி பிடிக்கும். அத்தையும் அம்மாவும் ராகிக் களியை உருண்டை பிடித்து, கொஞ்சம் வெல்லம் சேர்த்து, முள்ளில் ஒட்டி வீசிவிட்டு, நரம்பின் இந்த முனையை எதிலாவது கட்டிவைத்துவிட்டு ஊர்க்கதை பேசுவார்கள். அந்த இருபத்து மூன்று கெண்டையில் பதினேழு அவர்கள் இருவரும் பிடித்தது. குடும்பப் பேச்சில் இதை ஒருவரும் சொல்வதில்லை. களி உருட்டுவதை மீன்பிடிப்பதில் சேர்க்கவில்லை போலும்.

ஒருமுறை, 1984 ஜனவரியில், அவலாஞ்சி டிரவுட் பண்ணைக்குப் போனோம். உறைபனிக் காலம். புல்லெல்லாம் உப்பு கொட்டியது மாதிரி வெளுத்திருந்தது. வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடிபோல ஐஸ், தம்பி அதை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு திரிந்தான். முட்டை எடுக்கும் பருவம். பண்ணைக்காரர் ஒரு பெண் மீனைத் துணியில் சுற்றிப் பிடித்து, வயிற்றை மேலிருந்து கீழாக நீவினார். மாட்டில் பால் பீச்சுகிற அதே கைவாக்கு. ஆரஞ்சு நிறத்தில் மிளகு அளவு முட்டைகள் பீங்கான் கிண்ணத்தில் சலசலவென்று விழுந்தன. அடுத்து ஓர் ஆண் மீனை நீவி, பால்போல இரண்டு சொட்டு அதன் மேல் விட்டு, கோழி இறகால் கலக்கினார். கரண்டி போட்டால் முட்டை நசுங்கிவிடும் என்றார்.

அவர்தான் வந்தேறிக் கதையைச் சொன்னது. 1863-லேயே பிரான்சிஸ் டே என்ற ராணுவ மருத்துவர் டிரவுட் முட்டைகளை இங்கிலாந்திலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. ஐஸ்கட்டிக்குள் வைத்துக் கப்பலில் கொண்டுவருகிற முட்டை இந்த வெயிலைத் தாங்க வேண்டுமே. பலரும் முயன்று, கடைசியில் 1907 வாக்கில் ஹெச்.சி. வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்த பிறகுதான் வானவில் டிரவுட் இந்த மலையில் தங்கியது. சிலோனிலிருந்தும் முட்டை வந்திருக்கிறது. நாங்கள் பிடிக்கிற கண்ணாடிக் கெண்டையும் 1939-ல் சிலோனிலிருந்து ஊட்டி ஏரிக்குக் கொண்டுவந்து விட்டதுதான்.

தாத்தா அதுவரை பேசாமல் நின்றிருந்தார். “அப்ப இதுவும் எங்கூர்தானா” என்றார். அப்புறம், “அதுகிட்ட பாஸ்போட்டு கேக்கலயாக்கும்.”

பண்ணைக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

இப்போது யோசித்தால், அந்தக் கரையில் எங்கள் கண்ணுக்குக் காடாகத் தெரிந்ததில் பாதி யாரோ கொண்டுவந்து வைத்தது. தண்ணீர் மின்வாரியம் தேக்கியது, மீன் வெள்ளைக்காரன் விட்டது, நாங்கள் விறகு பொறுக்கிய சீகை மரம் தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. அந்தக் காலத்தில் புல்வெளியை வெற்றிடம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் பள்ளியில் மரம் நடும் விழாவில் புல்வெளியில் ஒரு சீகை நட்டுக் கைதட்டு வாங்கியவள்தான். இந்த மலையின் நீரைப் பிடித்து வைப்பதே அந்தப் புல்லும் சோலையும்தான் என்பது பிறகு தெரிந்தது. இப்போது அந்தச் சீகையை வேரோடு பிடுங்கப் பாடுபடுகிறார்கள். சொந்த ஊர்க்காரர்கள் என்றால் எதிர்க்குன்றில் மேயும் வரையாடும், தோடர்களின் எருமைகளும், எங்களைப் பார்த்துக் கெக்கலி கொட்டும் சிரிப்பான் குருவியும்தான்.

சமையல் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் சுருக்கமாக. மூன்று கல், சீகை விறகு, தோசைக்கல். டிரவுட்டுக்குச் செதில் உரிக்கத் தேவையில்லை. குடலை எடுத்து, ஓடைத் தண்ணீரில் அலசி, உப்பு, மஞ்சள், அம்மியில் அரைத்துக் கொண்டுவந்த மிளகு. அவ்வளவுதான். புளி வேண்டாம் என்பதில் அம்மா கறாராக இருந்தாள். கெண்டைக்கு மட்டும் புளி, மிளகாய் எல்லாம் உண்டு, ஆனால் அதன் கவட்டை முள்ளைப் பொறுக்கி முடிப்பதற்குள் பசி போய்விடும். மீன் இல்லாத நாட்களில் புளிசாதம். அது எந்நாளும் இருந்தது. உண்மையைச் சொன்னால் அப்பர் பவானி என்றதும் என் நாக்கில் வருவது டிரவுட் இல்லை, புகை வாசம் ஏறிய அந்தப் புளிசாதம்தான்.

1983-ல்தான் போசி போனது. மே 15, ஞாயிறு. தேநீர்ப் போசி, மூன்று லிட்டர் பிடிக்கும், கனமான எவர்சில்வர், அம்மா சீட்டுப் போட்டு வாங்கியது. நரம்பைக் கட்ட வேறு எதுவும் பக்கத்தில் இல்லாததால் அம்மா அதன் பிடியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, அத்தையோடு பேசிக்கொண்டிருந்தாள். எங்களுக்குத் தெரிந்தது சத்தம்தான். போசி சாய்ந்து, சரளைக் கல்லில் கடகடவென்று உருண்டு, எழுந்து ஓடுவதற்குள் தண்ணீருக்குள் போய்விட்டது. ஒரு நொடி மிதந்தது. மூடி கழன்று தனியே போனது. பிறகு தேநீர் ஒரு பழுப்பு மேகமாக மேலே வந்தது. கரை அந்த இடத்தில் செங்குத்து. மாமா சட்டையைக் கழற்றிக்கொண்டு குதிக்கப் போனார், அப்பா பிடித்து நிறுத்தினார். அந்தக் குளிரில் இறங்கினால் கை கால் விறைத்துவிடும்.

“எவ்ளோ பெரிய மீனோ” என்று மாமா வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. படுக்கப் போகும்போது மட்டும், “எறநூறு ரூவா” என்றாள்.

டைரியில் அன்றைக்கு: நீ.ம. முழு மட்டத்துக்குக் கீழ் 38 அடி. மழை இல்லை. கெண்டை 2. செலவு: போசி 1, மூடியுடன். அதன் கீழே, அவர் வழக்கத்துக்கு மாறாக, ஒரு சின்னப் படம். கரைக்கு ஒரு கோடு, ஒரு பாறை, பாறையிலிருந்து அம்புக்குறி, ‘9 தப்படி’. ஆழம் என்று போட்டுக் கேள்விக்குறி, பக்கத்தில் 12–14 அடி.

படத்தைப் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. வாரியத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

தாத்தா 1985 மழைக்காலத்தில் இறந்துபோனார். அந்த மலையில் தென்மேற்குப் பருவமழை என்றால் எப்படியிருக்கும் என்று கீழ்நாட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள். சுடுகாட்டுக்குக் கொண்டுபோக மழை விடும் என்று இரண்டு நாள் காத்திருந்தோம், விடவில்லை, நனைந்துகொண்டே போனோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது என்று செய்தி வந்தபோது அப்பா உயிரோடு இருந்தார். எண்பதைத் தாண்டிய வயது. டிவியில் வெள்ளத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா விரல்விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார். “நம்ம அளவுக் குவளையில இருபது மில்லிமீட்டர்தான் பிடிக்கும். எண்பத்திரண்டு சென்டிமீட்டருன்னா நாப்பத்தியோரு தடவ ஊத்தி அளக்கோணும். பாவம், எவன் நனஞ்சுட்டு நின்னானோ.”

தாத்தாவுக்குப் பிறகு எங்கள் பயணங்கள் குறைந்தன. நான் பத்தாம் வகுப்பு, தம்பிக்குக் கிரிக்கெட். காட்டுக்குள் போக வரக் கெடுபிடியும் கூடியது. முக்குருத்தி 1982-ல் சரணாலயம், 1990-ல் தேசியப் பூங்கா. இப்போது அந்தப் பக்கம் நினைத்த மாதிரி ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்த் தோசைக்கல் வைக்க முடியாது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. எட்டுப் பேரும் அடுப்பும் அந்தக் கரைக்கு அதிகம்தான்.

நாங்கள் எல்லோருமாகப் போன கடைசிப் பயணம் 1987-ல். முந்தின வருட மழை சரியில்லை. ஏப்ரல் 26, ஞாயிறு. அப்பாதான் கிளப்பினார், அதுவும் திடீரென்று, சனிக்கிழமை ராத்திரி. மாமாவுக்கு மஞ்சூர்த் தபால் ஆபீசிலிருந்து போன் போட்டு வரச்சொல்லியிருந்தார். எனக்குப் போக மனசில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. ஏரி அவ்வளவு இறங்கி நான் பார்த்ததில்லை. செம்மண் கரை படிப்படியாக, அலை தின்ற கோடுகளோடு, கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. வெட்டிவிட்ட பழைய சோலை மரங்களின் அடிக்கட்டைகள் கறுப்பாக நின்றன.

மாமா ரீலை எடுத்துக்கொண்டு வழக்கம்போல அணைப்பக்கம் போனார். அப்பா கழி கொண்டுவரவில்லை என்பதைத் தம்பிதான் கவனித்தான். ஜீப்பின் பின்னால் சாக்கில் சுற்றி ஒரு மண்வெட்டி இருந்தது. கையில் டைரியை வைத்துக்கொண்டு ஒரு பாறையருகே போய் நின்று, அங்கிருந்து கீழே தப்படி வைத்து எண்ணிக்கொண்டே இறங்கினார். எட்டு, ஒன்பது. நின்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தார். காய்ந்து வெடித்திருந்த சேற்றில் மண்வெட்டியை மெல்ல இறக்கினார்.

நாலைந்து இடத்தில் தோண்டியிருப்பார். அம்மா கரைமேல் அடுப்புக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தவள், “ஏனுங்க, புழுவுக்கா அவ்வளவு ஆழத்துல தோண்டறீங்க?” என்று கத்தினாள். பதில் இல்லை. அப்புறம் ணங் என்று ஒரு சத்தம்.

பாதிக்கு மேல் சேறு. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஓடையில் வைத்துக் கழுவக் கழுவ உள்ளேயிருந்து வெள்ளி வந்தது. பிடியில் அம்மா போட்ட இரண்டு முடிச்சும் அப்படியே இருந்தன. நரம்பு ஒரு முழம் தொங்கியது, முனை அறுந்து. அம்மா முடிச்சை நகத்தால் நிமிண்டிப் பார்த்தாள், அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். அதில் அன்றைக்கு ஓடைத் தண்ணீர் பிடித்துத் தேநீர் போட்டோம். லேசாகச் சேற்று வாசம் அடித்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை, எல்லோரும் இரண்டு டம்ளர் குடித்தோம்.

அன்றைய பக்கத்தை மட்டும் தம்பிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

26.4.87. நீ.ம. முழு மட்டத்துக்குக் கீழ் 53 அடி. மழை இல்லை. மீன்: இல்லை. வரவு: போசி 1. மூடி இல்லை.